கவிதை பொய் சொல்லுமா? நாலு ரோட்டுக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் டி.டி.பி., பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழ் பி.ஏ. படித்த பாவத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாலைந்து பேராக உட்கார்ந்து புறநானூறும் குறுந்தொகையும் படிக்கிறோம். லேத் பட்டறைக்காரர் ஒருவர், காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டிக் கணக்கு எழுதுகிறவர் ஒருவர், ரிட்டயர் ஆன டீச்சரம்மா, காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர். புதிதாக யார் வந்தாலும் மூன்றாவது வாரத்துக்குள் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

கவிதைன்னாலே பொய்தானே அண்ணா? அதுல போய் உண்மையைத் தேடினா எப்படி?

எதிரில் இருப்பவர் நம்ப வேண்டும், நம்பி ஏமாற வேண்டும் என்று சொல்வதுதான் பொய். நாலு நாள் கிடந்த சரக்கை "இன்னிக்குக் காலையில பறிச்சது" என்று தள்ளிவிடுவது பொய். "உன் முகம் நிலா" என்று எழுதினவர் யாரையும் ஏமாற்றவில்லை. அதைக் கேட்ட பெண் கன்னத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று கண்ணாடியில் போய்ப் பார்ப்பதில்லை. சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

நம் இலக்கணக்காரர்கள் இதையெல்லாம் ஒளித்து வைக்கவில்லை, பெயர் வைத்தே பழகியிருக்கிறார்கள்: உயர்வு நவிற்சி, இல்பொருள் உவமை, தற்குறிப்பேற்றம். அதே வரிசையில் உள்ளதை உள்ளபடி சொல்வதற்கும் இயல்பு நவிற்சி என்று ஓர் இடம். அதாவது நேராகச் சொல்வதும் ஓர் அணிதான், அணியைக் கழற்றி வைத்த நிலை இல்லை. இது எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. கீழே வேல் கேள்வியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

மொதல்ல உண்மைன்னா என்னன்னு சொல்லுங்க, அப்புறம் கவிதைக்கு வரலாம்.

டீச்சரம்மா கேட்டது. உள்ளத்தில் இருந்தால் உண்மை, வாயில் வந்தால் வாய்மை, மெய்யால் செய்தால் மெய்மை என்று அவரே முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஞாபகத்தில் நிற்கிற விளக்கம், தப்பென்று சொல்ல மனசு வரவில்லை. ஆனால் 'உண்மை' என்ற சொல் 'உள்ளது' என்பதில் இருக்கிற அதே 'உள்'ளிலிருந்து வருவது. பழைய பொருள் இருத்தல், இன்மைக்கு எதிர். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தைத் தொடங்கும்போது, நடந்ததோடு ஒத்துப்போகிற பேச்சுதான் வாய்மை என்று சொல்லவே இல்லை, "யாதொன்றும் தீமை இலாத சொலல்" என்கிறார். ஆக நம்மிடமே ஒன்றுக்கு மேல் அளவுகோல் இருக்கிறது.

தத்துவக்காரர்களும் இதே இடத்தில்தான் பிரிகிறார்கள். "பென்னாகரம் பஸ் வந்துடுச்சு" என்றால் ஸ்டாண்டில் போய்ப் பார், பஸ் நின்றால் உண்மை என்பது ஒரு கட்சி. மற்றதெல்லாவற்றோடும் முரண்படாமல் இசைந்து நின்றால் உண்மை என்பது இன்னொரு கட்சி. அதை நம்பி நடந்தால் காரியம் ஆகிறதா பார் என்பது மூன்றாவது. பஸ்ஸுக்கு முதல் கட்சியே போதும். கவிதையை ஸ்டாண்டில் போய்ப் பார்க்க முடியாது, தகராறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒகேனக்கல்ல புகை வருதுன்னா அது உண்மையா பொய்யா?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், நம் மாவட்டத்துக்காரர்கள் மட்டும் கேட்கிற கேள்வி. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்லு' கல். புகைகிற கல். அருவி பாறையில் அடித்து எழும்புகிற நீர்த்திவலையைப் பார்த்து வைத்த பெயர். முழுசாக ஓர் உருவகத்தை பஸ் போர்டில் எழுதி ஒட்டிக்கொண்டு ஓடுகிறோம், ஒருத்தரும் தீயணைப்பு வண்டிக்குப் போன் போடுவதில்லை.

இங்கே மணிமேகலை உதவிக்கு வரும். அதில் தருக்கம் பேசுகிற பகுதியில், எழும்புவது ஆவியா பனியா என்றே சந்தேகம் தீராத நிலையில் அதைப் புகை என்று துணிந்து, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்று முடிவு கட்டுவதைப் பிழையான வாதங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். ஒகேனக்கல்லுக்கென்றே எழுதினது போல இருக்கும். வெளியூர்க்காரர் ஒருவர் தூரத்தில் பார்த்து "அங்க ஏதோ எரியுது" என்றால் அது பிழை. தண்ணீர் என்று தெரிந்துகொண்டே புகை என்று சொன்னவர் செய்தது வேறு. அவர் நெருப்பு இருப்பதாகச் சொல்லவே இல்லை. எழுகிற விதத்தை, காற்றில் சாய்கிற சாய்வை, பாறை கண்ணுக்கு மறைகிறதைச் சொன்னார், அந்த இடத்தில் அவர் சொன்னது சரி. எங்கே வாக்குக் கொடுத்தாரோ அங்கேதான் அவரைச் சோதிக்க வேண்டும். கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு பதில்தான்.

அதியமான் நெசமாவே இருந்தாரா, இல்ல புலவருங்க கட்டின கதையா?

இருந்தார். திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981இல் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது: "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி". அஞ்சி என்கிற அதியமான் கொடுத்த குகை, அவ்வளவுதான் செய்தி. ஆனால் அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர் பாண்டியர் கூடவே 'சதியபுதோ' என்று ஒரு கூட்டம் வருகிறது, அது யார் என்று ரொம்ப காலம் சண்டை நடந்தது. பெயரில் சத்தியம் இருப்பதுபோலத் தெரிந்ததால், சங்கப் பாட்டில் வருகிற 'வாய்மொழிக் கோசர்' ஆக இருக்கலாம் என்றவர்களும் உண்டு. ஜம்பைக் கல் அதைத் தீர்த்து வைத்தது. தகடூர் என்று பாட்டில் வருவது இந்தத் தருமபுரி, அதில் எங்கள் குழுவில் யாருக்கும் சந்தேகம் இல்லை, கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அப்ப நெல்லிக்கனியும் நெசந்தானே? கல்வெட்டே இருக்கே.

அப்படித் தாவக் கூடாது. கல் சொன்னது ஆள் இருந்தார், ஒரு குகையைக் கொடுத்தார் என்று. சாவை நீக்குகிற நெல்லிக்காய் இருந்தது என்று அது சொல்லவில்லை. கனியை நெசம் என்று பிடித்துக்கொண்டதால்தான், சங்க கால ஔவையாரும் ஆத்திசூடி எழுதிய ஔவையாரும் ஒரே பாட்டி, அந்தக் கனி தின்று பல நூறு வருஷம் வாழ்ந்தார் என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. அவர்கள் வேறு வேறு காலத்தவர்கள்.

பாட்டைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், புறநானூறு 91. கடைசி வரிகள்: "சிறியிலை நெல்லித் தீங்கனி குறியாது ஆதல் நின்னகத்து அடக்கிச் சாதல் நீங்க எமக்கு ஈந்தனையே". மலைப்பிளவில் ஏறி எடுத்த கனி, எவ்வளவு அரிது என்று கணக்குப் பார்க்காமல், அதைத் தின்றால் என்ன ஆகும் என்பதை வாயைத் திறந்து சொல்லாமல் உன் மனசுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு எனக்குக் கொடுத்தாய் என்கிறார். 'நின்னகத்து அடக்கி' என்ற இடத்தில் நில்லுங்கள். சொல்லியிருந்தால் ஔவையார் வாங்கியிருக்க மாட்டார், "நீயே தின்னு" என்று சொல்லியிருப்பார். பாட்டு வாக்குக் கொடுத்திருப்பது இங்கே: கொடுக்கிறவன் கொடுப்பதன் பெருமையைச் சொல்லிக்காட்டவில்லை. பழத்தைத் தாவரவியல்காரரிடம் அனுப்பிவைத்தாலும் இந்த வரி அசையாது. இன்னொரு வேடிக்கை, நம் ஊரின் மிகப் பெரிய பாட்டில் நாயகன் செய்கிற நல்ல காரியமே ஓர் உண்மையை மறைப்பதுதான். "பொய்மையும் வாய்மை யிடத்த" என்ற குறளை அடுத்த வாரம் படித்தபோது பட்டறைக்காரர் மேசையைத் தட்டிவிட்டு, "இதான்யா நெல்லிக்காய்" என்றார்.

நம்பரைப் போட்டுப் புளுகினா? எட்டுத் தேர்னு சொல்றாங்களே, அது பொய்க்கணக்குதானே?

கேட்டது மண்டிக் கணக்கர், வேறு யார். புறநானூறு 87இல் ஔவையார் எதிரிகளை எச்சரிக்கிறார்: எங்களிடம் ஒருவன் இருக்கிறான், ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்கிற தச்சன் ஒரு மாசம் உட்கார்ந்து செய்த ஒரே ஒரு சக்கரத்தைப் போன்றவன். கணக்கர் பேப்பரில் போட்டே காட்டினார்: எட்டு, முப்பது, 240 தேர் செய்கிற நேரம் ஒரு சக்கரத்துக்குள் போயிருக்கிறது. தேருக்கு இரண்டு சக்கரம் என்று வைத்தாலும் 480 சக்கரத்து நேரம், தேரின் மற்ற மரவேலையைக் கணக்கில் சேர்க்காமலே.

எட்டுத் தேர் செய்கிற தச்சன் உலகத்தில் இல்லை, ஔவையாருக்கும் தெரியும். ஆனால் "ரொம்ப உறுதியானவன்" என்றால் யாருக்கு என்ன தெரியும்? வேகமான கை, அதே கை வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்பது பட்டறையில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். லேத்காரர் சொன்னார், நாளைக்கு ஐம்பது புஷ் கடைகிற ஆள் ஒரே ஒரு பீஸை ஒரு வாரம் வைத்துக் கடைந்தால் அதைக் கையில் எடுத்தாலே தெரியும் என்று. எண் பொய்யாக இருக்கலாம், விகிதம் பொய்யில்லை.

உவமை கற்பனை எதுவுமே இல்லாம நடந்ததை மட்டும் சொன்னா அது கவிதை ஆகுமா? அப்பதானே சுத்தமான உண்மை?

ஆகும், ஆனால் சுத்தம் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார், அவன் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். அவர் பார்த்ததைச் சொல்கிறார், புறநானூறு 95: இதோ இவை மயிற்பீலி சூடி, மாலை போட்டு, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன, அங்கே அதியமானுடையவையோ எதிரிகளைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.

ஒரு வார்த்தை பொய் இல்லை, ஒரு உவமை இல்லை. கோர்ட்டில் சாட்சியாகச் சொல்லலாம். ஆனாலும் "உன் வேல் வேலைக்கே போனதில்லை" என்று முகத்தில் அடித்துவிட்டார். முதல் கேள்வியில் சொன்ன இயல்பு நவிற்சி உறுத்தல் எனக்கு இங்கேதான் தீர்ந்தது. எதை எதற்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதும் ஒரு பேச்சுதான். செய்தித்தாளும் அதைத்தான் செய்கிறது, ஔவையார் அளவுக்கு நன்றாக இல்லை.

பிளேட்டோ கவிஞர்களை நாட்டை விட்டே துரத்தச் சொன்னாராமே?

'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில் வருகிறது. கட்டிலின் மூல வடிவம் ஒன்று, தச்சர் அதைப் பார்த்துச் செய்த கட்டில் ஒன்று, ஓவியர் தச்சரின் கட்டிலைப் பார்த்து வரைந்தது ஒன்று. கவிஞரும் ஓவியர் மாதிரி, நகலுக்கு நகல் எடுக்கிறவர், அதோடு கேட்கிறவர்களின் அழுகையையும் ஆசையையும் ஊதிவிடுகிறவர் என்பது அவர் புகார். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தவன் என்ற முறையில் அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் தெய்வத்தைப் போற்றுகிற பாட்டையும் நல்ல மனிதரைப் புகழ்கிற பாட்டையும் உள்ளே விடலாம் என்கிறார். அந்தச் சட்டப்படி நெல்லிக்கனிப் பாட்டோடு ஔவையார் உள்ளே வந்துவிடுவார், குறுந்தொகை மொத்தமும் ஊர் எல்லையில் நிற்கும். இவ்வளவும் சொல்லிவிட்டு அதே பகுதியை ஒரு கதையோடுதான் முடிக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவர் மாணவர் அரிஸ்டாட்டில் மறுத்தார். நடந்ததைச் சொல்வது வரலாறு, நடக்கக் கூடியதைச் சொல்வது கவிதை, ஆகவே கவிதைதான் தத்துவத்துக்கு இன்னும் நெருக்கம் என்றார். கவிதையில், நம்ப முடியாதபடி சொன்ன சாத்தியத்தைவிட நம்பும்படி சொன்ன அசாத்தியம் மேல் என்றும் சொன்னார். எட்டுத் தேர்த் தச்சனை அவரிடம் காட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அப்ப வரலாறே வேண்டாம், கவிதை படிச்சா போதுமா?

போதாது. ஜம்பைக் கல் கிடைக்கும்வரை சதியபுதோ யார் என்று எந்தப் பாட்டாலும் தீர்க்க முடியவில்லையே.

காதல் பாட்டுல பேரே இல்லையே, யாரைப் பத்தின உண்மை அது?

தொல்காப்பியம் வைத்த விதி அது. அகத்திணையில் "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்", இன்னார் என்று பெயர் சொல்லக் கூடாது. பெயர் வந்தால் ஊர்க்காரர்கள் விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள், பெயர் இல்லாததால் படிக்கிற எல்லோரும் தங்களை விசாரித்துக்கொள்கிறார்கள். புறத்தில் பெயர் வரும், அதனால் அங்கே விசாரணைக்கும் இடம் உண்டு, கல்வெட்டோடு ஒத்துப்பார்ப்பதும் நியாயம். இரண்டுக்கும் ஒரே தராசு போட முடியாது.

அதே தொல்காப்பியம் புலனெறியை, அதாவது பாட்டுக் கட்டுகிற முறையை, "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. உலகத்தில் நடப்பது பாதி, நாடகமாகக் கட்டியது பாதி. கவிதை பொய்யா என்று கேட்கிறவர்களுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட முன்னாலேயே பதில் போட்டுவிட்டார்கள், நாம்தான் நோட்டீஸ் போர்டைப் படிக்கவில்லை.

நக்கீரர் தருமியை மடக்கினாரே, அவர் பண்ணது சரியா?

(முதலில் ஒன்று, தருமி நம்ம தருமபுரிக்காரர் இல்லை, மதுரை. வருஷத்துக்கு ஒரு பையனாவது கேட்டுவிடுகிறான்.) அது திருவிளையாடற் புராணக் கதை. பாட்டு குறுந்தொகை 2, இறையனார் பாடியது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டு என்பது தப்பு, பாடினவர் இறைவனே ஆனாலும் குற்றம் குற்றமே என்று நக்கீரர் நின்றார் என்பது கதை.

பாட்டைப் பாருங்கள். தும்பியிடம் தலைவன் கேட்கிறான்: "காமம் செப்பாது கண்டது மொழிமோ", எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல், நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலைவிட மணக்கிறது உண்டா? உண்மையை மட்டும் சொல் என்று சத்தியம் வாங்குகிறான், வாங்குவது வண்டிடம், அதுவும் அவள் காதில் விழும்படி. வண்டு பதில் சொல்லாது என்று மூன்று பேருக்கும் தெரியும், வண்டையும் சேர்த்து. இங்கே வாக்குக் கொடுத்திருப்பது கூந்தலின் வேதியியலில் இல்லை, அவன் எப்படிக் கிறங்கிக் கிடக்கிறான் என்பதில். நக்கீரர் தப்பான இடத்தில் தராசு வைத்தார். ஆனால் எழுதினவர் பெரிய ஆள் என்பதற்காகப் பாட்டு சரியாகிவிடாது என்றாரே, அதில் நான் அவர் பக்கம்.

பரிசுக்காகப் பாடினவங்க சொல்றதை எப்படி நம்பறது?

சந்தேகப்படுங்கள், தப்பில்லை. கூடவே புறநானூறு 206, 208 இரண்டையும் படியுங்கள். இரண்டும் இதே அதியமானுக்கு. 206இல் பரிசு தரத் தாமதித்தபோது ஔவையார் வாயிற்காவலனைக் கூப்பிட்டு, உன் அரசனுக்குத் தன்னைத் தெரியாதா என்னைத் தெரியாதா, "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்று மூட்டையைக் கட்டுகிறார். 208இல் பெருஞ்சித்திரனாரை நேரில் பார்க்காமல் பரிசை மட்டும் அனுப்பியிருக்கிறான், "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்று அவர் மறுத்துவிட்டார். திட்டவும் தெரிந்தவர் புகழ்ந்தால் அதற்கு எடை உண்டு.

எங்கப்பாவுக்கு 'இமயம் சரிந்தது'ன்னு போட்டா தப்பா அண்ணா?

கடையில் கேட்கிற கேள்வி, ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி இல்லை. கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்கு என்னிடம் பத்துப் பன்னிரண்டு வாசகம் தயாராக இருக்கிறது, இமயம், ஆலமரம், விடிவெள்ளி. படத்தை மாற்றினால் போதும். ஒரு நாள் ஒரு பெண் வந்தார், அரூர்ப் பக்கம், அப்பா போய் ஒரு நாள்தான் ஆகிறது. இமயம் வாசகத்தைத் திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவரு எங்களுக்கு இமயமெல்லாம் இல்லீங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல இருமுவாரு, அந்த இருமல் கேட்டாத்தான் எங்கம்மா தூங்கும்" என்றார். அப்புறம் அதையே போடச் சொன்னார். "உன் இருமல் கேட்காமல் அம்மா தூங்கவில்லை." எழுத்தை டைப் செய்யும்போது எனக்குக் கை நின்றுவிட்டது.

இமயம் பொய் என்று நான் சொல்லவில்லை. நிலா மாதிரி அதுவும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அது எந்த இடத்திலும் வாக்குக் கொடுக்கவில்லை, எந்த அப்பாவுக்கும் பொருந்தும், அதனால் தப்பாகவே போக முடியாது. இருமல் வரி தப்பாகப் போயிருக்கலாம்: இருமாத மனிதராக இருந்திருந்தால் தெருவே சிரித்திருக்கும்.

கற்பனைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா கவிஞர் எதுலேர்ந்தும் தப்பிச்சுக்கலாம்ல?

அப்படி ஒரு வக்கீல் வாதம் இருக்கிறது. கவிஞர் எதையும் அடித்துச் சொல்வதில்லை, ஆகவே பொய் சொல்வதுமில்லை என்று ஆங்கிலக் கவிஞர் பிலிப் சிட்னி எழுதினார், 1595இல் அச்சானது. கெட்டிக்காரத்தனமான பதில், ஆனால் விலை அதிகம். எதையும் சொல்லவில்லை என்றால் பொய்யிலிருந்து தப்பிக்கலாம், உண்மையையும் அதோடு சேர்த்துக் கைவிட வேண்டும். 'நின்னகத்து அடக்கி' ஒன்றுமே சொல்லவில்லை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஒரு சாதியை, ஒரு ஊரை இழிவாக எழுதிவிட்டு "அது பாத்திரம் பேசினது" என்கிறவர்களிடமும் இதே கேள்விதான்: எங்கே வாக்குக் கொடுத்தீர்கள்?

'மன்னுக'ன்னு வாழ்த்தினாரே, அதியமான் செத்துட்டாரே, அந்தப் பாட்டு பொய்யாப் போச்சில்ல?

காலேஜ் பையன் கேட்டது, இதுவரை வந்ததிலேயே கஷ்டமான கேள்வி. நெல்லிக்கனிப் பாட்டில், நஞ்சு உண்ட நீலகண்டன் போல நிலைத்திரு, "மன்னுக பெரும நீயே" என்கிறார். அவன் போரில் வேல் பட்டு இறந்தான். வாழ்த்து என்பது நடக்கப்போவதைச் சொல்கிற ஜோசியம் இல்லை, ஆகவே மெய்யும் ஆகாது, பொய்யும் ஆகாது என்று சொல்லி முடித்துவிடலாம், தருக்கப்படி சரி. பையன் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் திருப்தி இல்லை.

அதனால் 235ஐ எடுத்துப் படித்தோம். அவன் இறந்த பிறகு அதே ஔவையார்: "சிறியகட் பெறினே எமக்கு ஈயும் மன்னே". கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் குடிப்பான். புலால் நாறும் என் தலையை நரந்தம் மணக்கும் கையால் தடவுவான். ஒவ்வொன்றின் முடிவிலும் 'மன்னே'. இந்த 'மன்' ஓர் இடைச்சொல், கழிந்துபோனதைச் சொல்வது என்று தொல்காப்பியம் சொல்லும், "அதெல்லாம் போயிற்றே" என்று அர்த்தம். அன்றைக்கு 'மன்னுக' என்ற வாய்தான் இதையும் சொல்கிறது. பையன் இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னான். கொடுத்தேன், காசு வாங்கவில்லை.